ஒரு மில்லிமீட்டர் கீறல் எவ்வளவு பெரியது? விண்கல மாடல்களும் வெதரிங்கும்

விண்கல மாடலோ ரோபோ மாடலோ செய்து வைத்திருப்பவரிடம் "எப்படிங்க இவ்வளவு நிஜமா இருக்கு?" என்று கேட்டால், "வெதரிங் பண்ணியிருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கேட்டவர் வீட்டுக்குப் போய், கறுப்புப் பெயின்ட்டைத் தண்ணியாகக் கரைத்துத் தன் மாடல் முழுக்க ஊற்றித் துடைப்பார். நான் ஆரம்பித்ததும் அப்படித்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒட்டி வெள்ளையடித்த கலம், ஒரே சாயங்காலத்தில் சாக்கடையில் விழுந்து எழுந்ததுபோல ஆனது. பல போர் கண்ட கலமாகத் தெரிந்ததா? அழுக்குப் பிடித்த பொம்மையாகத்தான் தெரிந்தது.

எங்கே தப்பு என்று புரிய எனக்கு இன்னும் மூன்று மாடல் ஆனது. வெயில், தூசி, சூடு, உராய்வு எல்லாம் பட்டு ஒரு பொருள் உழைத்த தடயங்களைப் பெயின்ட்டால் மாடலின் மேல் கொண்டுவருவதுதான் வெதரிங். ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், அது விழுகிற இடம் என்று ஒன்று இருக்கும், ஓர் அளவும் இருக்கும். நான் ஊற்றிய கறுப்புக்கு மூன்றுமே இல்லை.

வீட்டுக் கதவைப் பாருங்கள். பெயின்ட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. கைப்பிடியைச் சுற்றி மங்கியிருக்கும், கால் இடிக்கிற அடிப்பக்கம் உரிந்திருக்கும், மேல் மூலை நேற்று அடித்ததுபோல இருக்கும். கீபோர்டில் அடிக்கடி தட்டுகிற எழுத்துகள்தான் முதலில் அழியும். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் மழைக்கறை பெரும்பாலும் திட்டின் இரண்டு ஓரங்களிலிருந்துதான் கோடாக இறங்கும், தேங்கிய நீர் வழிகிற இடம் அது என்பதால். இந்தப் பார்வை வந்துவிட்டால் பாதி வெதரிங் கைவந்த மாதிரி. மீதிப் பாதி கணக்கும் கொஞ்சம் வேதியியலும்.

கணக்கு முதலில்: ஸ்கேல்

நிஜப் பொருளைவிட மாடல் எத்தனை மடங்கு சிறியது என்று சொல்லும் விகிதம்தான் ஸ்கேல். 1/144 என்றால் நிஜத்தில் 144 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர்.

1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த குண்டம் தொடரின் நாயக ரோபோவுக்குக் கதைப்படி உயரம் 18 மீட்டர். அடுத்த வருடமே பண்டாய் நிறுவனம் அதை 1/144 கிட்டாக, அதாவது நாமே சேர்த்து உருவாக்கும் பாகங்களின் பெட்டியாக, விற்க ஆரம்பித்தது. கணக்குப் போட்டால் மாடலின் உயரம் 12.5 சென்டிமீட்டர். அதே ரோபோ 1/100இல் 18 சென்டிமீட்டர். இதுவரை யாருக்கும் குழப்பம் வராது. அதே கணக்கைக் கறைக்கும் கீறலுக்கும் போட மறந்துவிடுகிறோம், அங்கேதான் சறுக்கல்.

1/144 மாடலில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 14.4 சென்டிமீட்டர். தோளில் பெயின்ட் உரிந்த மாதிரி 3 மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளிப் புள்ளி வைத்தீர்கள் என்றால், அந்த ரோபோவில் 43 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. அது உரசல் இல்லை, பெரிய விபத்து. அந்த ரோபோவைப் பழுதுபார்க்க ஏறுகிற ஆள் மாடல் அளவில் 12 மில்லிமீட்டர் உயரம்தான். அவர் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. கதவுக் கைப்பிடி பக்கம் அவர் கை பட்டுத் தேய்ந்த இடம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று யோசியுங்கள். அதே ஒரு மில்லிமீட்டர், 1/1000 அளவில் செய்த பெரிய கப்பலில் ஒரு முழு மீட்டர். அந்த அளவில் தனிக் கீறல்களை வரையவே கூடாது. நிறத்தில் மெல்லிய வேறுபாடு காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நிலவியல் ஆய்வாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலை வைப்பார்கள். இல்லாவிட்டால் அது கைக்கல்லா, மலைச்சரிவா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் கண் எப்போதும் அப்படி ஒரு சுத்தியலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. மாடலின் மேல் தெரிகிற மிகச் சிறிய விவரம் எதுவோ, அதுதான் கண்ணுக்குச் சுத்தியல். அது நுண்ணியதாக இருந்தால் மொத்தப் பொருளும் பெரிதாகத் தோன்றும். 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு மாடல் செய்தவர்கள் கடையில் விற்ற டாங்கி, விமானக் கிட்களை வாங்கிப் பிரித்து, அந்தக் குட்டிப் பாகங்களைத் தங்கள் கலங்களின் மேல் ஒட்டியது இதற்காகத்தான். இப்படி வேறு கிட்டின் பாகங்களைக் கலப்பதை கிட்பேஷிங் என்பார்கள். வெதரிங் அதே வேலையைப் பெயின்ட்டால் செய்கிறது.

பளபளப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். பளபளக்கும் 12 சென்டிமீட்டர் ரோபோவின் மார்பில் மேஜை விளக்கின் பிம்பம் பாதி மார்பை அடைத்துக்கொண்டு தெரியும். நிஜ 18 மீட்டர் ரோபோவில் அந்த விளக்கு ஒரு சிறு புள்ளி. அதனால்தான் பெரும்பாலான மாடல்களைக் கடைசியில் மேட் ஆக்குகிறார்கள், அதாவது பளபளப்பைப் போக்கிவிடுகிறார்கள். சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் தவிர்த்து, அடர் சாம்பலும் லேசாக மங்கிய வெள்ளையும் பூசுவதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதேதான். பெரிய பொருளை நாம் தூரத்திலிருந்தே பார்க்கிறோம், இடையில் உள்ள காற்று நிறங்களைக் கொஞ்சம் வெளிற வைக்கிறது.

சுருக்கமாக: கறை வைக்கும் முன் அதன் அளவை ஸ்கேல் எண்ணால் (1/144 என்றால் 144ஆல்) பெருக்குங்கள். வருகிற எண் அந்தப் பொருளுக்குப் பொருந்தாவிட்டால் கறையைச் சின்னதாக்குங்கள்.

ஒட்டுவது, தேய்ப்பது

இதை வேகமாகக் கடந்துவிடலாம். கிட் என்பது பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் தொங்கிக்கொண்டு வரும் பெட்டி. அந்தச் சட்டத்துக்கு ரன்னர் என்று பெயர். பாகத்தை ஒட்ட வெட்டாமல் முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி எடுத்துவிட்டு, பிறகு மீதித் துண்டை நறுக்கினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகாது.

பெரும்பாலான கிட்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அதற்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாகக் கலக்க வைத்து ஆவியாகிப் போய்விடும். இரும்பில் வெல்டிங் வைப்பதுபோல. அதனால் பெயின்ட் பூசிய விளிம்பில் அது சரியாகப் பிடிக்காது, முதலில் சுரண்ட வேண்டும். இணைப்பில் தெரியும் கோட்டை உப்புத்தாளால் 400, 600, 1000 என்று படிப்படியாகத் தேய்த்து மறையுங்கள். 18 மீட்டர் ரோபோவின் கை நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடினால், பிறகு என்ன வெதரிங் செய்தும் அது பொம்மைதான்.

மூன்று பெயின்ட், மூன்று கரைப்பான்

வெதரிங் ஏன் பலருக்குச் சொதப்புகிறது என்பதற்கான விடை முக்கால்வாசி இங்கே இருக்கிறது.

வெள்ளைப் பலகையில் யாராவது தவறுதலாக பர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேல் சாதாரண போர்டு மார்க்கரால் கிறுக்கித் துடைப்பார்கள், அழிந்துவிடும். போர்டு மார்க்கரில் உள்ள ஸ்பிரிட், காய்ந்த பர்மனென்ட் மையையும் கரைத்துவிடுகிறது. மறுபக்கம், நகப்பூச்சைப் பாருங்கள். நாள் முழுக்கப் பாத்திரம் துலக்கினாலும் தண்ணீர் அதைக் கரைப்பதில்லை. ரிமூவரில் ஒரு துளி பட்டால் போதும், வழிந்துவிடும்.

பெயின்ட் அடுக்குகளின் ரகசியம் இதுதான். பெயின்ட்டை இளக்கித் தண்ணியாக்கும் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். மேலே பூசுகிற பெயின்ட்டின் கரைப்பான் கீழே காய்ந்திருக்கும் பெயின்ட்டைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டுவிட்டால் இரண்டும் கலந்து சேறாகும்.

மாடல் வேலையில் மூன்று வகைப் பெயின்ட் புழங்குகிறது. லாக்கர்: நகப்பூச்சின் உறவுக்காரன், கரைப்பான் மிகக் காட்டமானது, வேகமாகக் காயும், வாடை தலையைச் சுற்றவைக்கும். அக்ரிலிக்: தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ இளகும், காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. எனாமல்: எண்ணெய் சார்ந்தது, மெதுவாகக் காயும், ஒயிட் ஸ்பிரிட் போன்ற மென்மையான கரைப்பானில் இளகும். ஓவியர்களின் ஆயில் கலரும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும்.

நன்றாகக் காய்ந்த லாக்கரையோ அக்ரிலிக்கையோ ஒயிட் ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. அதனால் அடி நிறத்தை லாக்கரிலோ அக்ரிலிக்கிலோ அடித்துவிட்டு, அழுக்கு வேலையை எனாமலிலோ ஆயிலிலோ செய்யலாம். பிடிக்கவில்லையா, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம், அடி நிறம் அப்படியே இருக்கும். தலைகீழாகச் செய்து எனாமலின் மேல் லாக்கர் அடித்தால், கீழே உள்ளது சுருங்கிக் கொப்பளித்துவிடும். நான் அன்று செய்தது அதைவிட முட்டாள்தனம். அடியும் அக்ரிலிக், மேலே ஊற்றியதும் அக்ரிலிக். அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைக்கத் துடைக்கப் போகவில்லை என்று அழுத்தித் தேய்த்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரைமர் என்ற அடிப்பூச்சு. வழுக்கும் பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடித்துக்கொள்ள அது உதவும், சாம்பல் நிறத்தில் அடித்தால் தேய்க்காமல் விட்ட கோடுகளையும் காட்டிக்கொடுக்கும். பெயின்ட்டைக் காற்றழுத்தத்தால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷா, தூரிகையா என்ற சண்டையில் நான் இறங்கப்போவதில்லை. எதுவானாலும் மெல்லிய பூச்சாகப் பலமுறை. லாக்கர் என்றால் மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

சுருக்கமாக: காட்டமான கரைப்பான் உள்ள பெயின்ட் கீழே, மென்மையானது மேலே. இந்த வரிசை சரியாக இருந்தால் எந்தத் தப்பையும் துடைத்துவிடலாம்.

வாஷ்: ஒரு கோட்டுக்குள் நடப்பது

மாடலின் மேற்பரப்பில் தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட மெல்லிய பள்ளக் கோடுகள் இருக்கும், பேனல் லைன் என்பார்கள். அவற்றில் நிழல் விழ வைக்க, மிக நீர்த்த அடர் நிறப் பெயின்ட்டை விடுவது வாஷ். மாடல் முழுக்க ஊற்றுவதற்கு வைத்த பெயர் இல்லை அது.

கூர்மையான தூரிகையின் நுனியில் எனாமல் வாஷ் ஒரு துளி எடுத்து, கோட்டின் ஒரு முனையைத் தொடுங்கள். நீங்கள் இழுக்க வேண்டாம். துளி தானாக ஓடும். முதலில் ஒரு நொடி தயங்கி நிற்கும், பிறகு கோடு வழியே சரசரவென்று போய், மூலையில் திரும்பி, அடுத்த கோட்டிலும் கொஞ்ச தூரம் போய் நிற்கும். துணியின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்தால் ஈரம் மேலேறுகிறதே, அதே நுண்புழை நுழைவு. முதல்முறை பார்த்தபோது வேண்டுமென்றே நாலைந்து கோடுகள் அதிகம் போட்டேன், வேடிக்கைக்காக.

இது நடக்க மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும். மேட் பெயின்ட் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் நுண்ணிய மேடுபள்ளம். வெளிச்சத்தைப் பல பக்கமும் சிதறடிப்பதால்தான் அது மேட்டாகத் தெரிகிறது. அந்த மேடுபள்ளத்தில் வாஷ் போய் உட்கார்ந்துகொண்டு கறையாகப் பரவும். எனவே வாஷுக்கு முன்னால் நிறமில்லாத பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. டீக்கல் எனப்படும் நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களையும் இந்தப் பளபளப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளிபோல மின்னும்.

வாஷின் நிறம்? வெள்ளைக் கலத்துக்குக் கறுப்பு போட்டால் கார்ட்டூன்போலத் தெரியும். சாம்பலோ பழுப்புச் சாம்பலோ போதும்.

ஓர் எச்சரிக்கை, இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். அழுத்திப் பொருத்தும் ரோபோ கிட்களில் மூட்டுகள் எப்போதும் இழுவிசையில் இருக்கும். பெயின்ட் பூசாத அந்த மூட்டில் எனாமல் வாஷ் கசிந்து இறங்கினால், கரைப்பான் பிளாஸ்டிக்கின் நுண்ணிய வெடிப்புகளில் புகுந்து அவற்றை விரிக்கும். குறிப்பாக ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில். இரவு நன்றாக இருந்த ரோபோவின் வலது கை காலையில் அலமாரியில் தனியாகக் கிடந்தது. அதன் பிறகு பாகங்களைக் கழற்றி வைத்துத்தான் வாஷ் விடுகிறேன், மூட்டுப் பக்கம் துளி அளவைக் குறைத்து.

உரிந்த பெயின்ட்

ஓரங்களில் பெயின்ட் சில்லு சில்லாகப் பெயர்ந்ததைக் காட்ட இரண்டு வழி. எளியது: பஞ்சுத் துண்டைப் பிய்த்து, பெயின்ட்டைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றிக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் போக்கிவிட்டு, மிச்சத்தை ஓரங்களில் லேசாக ஒற்றுவது. பஞ்சின் ஒழுங்கற்ற துளைகள் நம் கையைவிட இயல்பான வடிவம் தரும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, ஹேர்ஸ்பிரே. முதலில் உலோக நிறத்தை லாக்கரில் அடித்துக் காயவைக்க வேண்டும். அதன் மேல் முடிக்கு அடிக்கும் ஸ்பிரே. அதற்கு மேல் கலத்தின் நிறம், அக்ரிலிக்கில். அது காய்ந்து சில மணி நேரத்துக்குள் ஈரத் தூரிகையால் ஓரங்களை மெதுவாகக் குத்தினால், தண்ணீர் ஊடுருவி அடியில் உள்ள ஹேர்ஸ்பிரேயை இளக்கும், மேலே உள்ள நிறம் துணுக்குகளாகப் பெயரும். வரைந்த சில்லும் உரிந்த சில்லும் கண்ணுக்கு வேறு வேறுதான். உண்மையாகவே உரிந்ததில் ஒரு நுண்ணிய விளிம்பு இருக்கும்.

விண்வெளியில் துரு ஏது?

இனி காரணம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் வேண்டும். விண்வெளியிலேயே கிடக்கும் கலத்தில் செம்பழுப்புத் துரு வழிவதற்கு வழியே இல்லை. கலம் அலுமினியம் என்று வைத்துக்கொண்டால் பூமியில் நின்றாலும் சிவப்பாகத் துருப்பிடிக்காது. உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளி நிறம் தெரியலாம், அதைச் சுற்றி விமானங்களில் பூசும் பச்சை மஞ்சள் பிரைமர் ஒரு மயிரிழைக்கு எட்டிப்பார்க்கலாம்.

கற்பனைக் கலத்துக்கு நிஜக் கலங்களைவிட நல்ல வாத்தியார் இல்லை. டிஸ்கவரி விண்வெளி ஓடம் 1984இலிருந்து 2011 வரை 39 முறை பறந்தது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் அண்மைப் படங்களைப் பாருங்கள். சூட்டைத் தடுக்கப் பதித்த கறுப்பு ஓடுகள் ஒரே கறுப்பாக இல்லை. பழைய ஓடுகள் சாம்பலாக வெளுத்திருக்க, மாற்றிப் பதித்தவை நடுநடுவே கருகருவென்று தெரியும். இதை மாடலில் காட்ட, சில தகடுகளை மட்டும் சிறிது அடர்த்தியாகவோ வெளிறியோ அடித்தால் போதும். என் கணக்கில், ஒரு வாஷும் இல்லாமல் இந்த ஒன்று மட்டுமே கலத்துக்கு இருபது வருடம் வயதேற்றிவிடும்.

தரையிறங்கித் திரும்பிவரும் பால்கன் 9 ராக்கெட்டின் கீழ்க்கட்டம் தன் சொந்தப் புகைக்குள் புகுந்து இறங்குகிறது. அதனால் வெள்ளை உடலில் கரிப்படலம். இங்கே கவனிக்க வேண்டியது திசை. காற்றைக் கிழித்துப் போகும் கலத்தில் கறை காற்றோட்டத்தின் திசையில், மூக்கிலிருந்து வாலுக்கு நீளும். நின்றுகொண்டே இருக்கும் ரோபோவில் மேலிருந்து கீழே வழியும். வளிமண்டலமே பார்க்காத கலத்தில் இரண்டும் கிடையாது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டுப் பழுப்பேறிய வெள்ளை, நுண்விண்கற்கள் தெறித்த குட்டிக் குழிகள், உந்துபொறி வாய்களைச் சுற்றிய கருமை, அவ்வளவுதான். (கதைகளில் வரும் பல கலங்கள் இந்த விதியைக் கண்டுகொள்வதே இல்லை. அழகாக இருந்தால் நானும் கண்டுகொள்வதில்லை.)

சூடுபட்ட உலோகத்துக்கு வேறு கதை. டைட்டானியத்தையோ எஃகையோ காற்றில் சூடாக்கினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அதன் மேல்புறமும் அடிப்புறமும் திருப்பியனுப்பும் ஒளிகள் ஒன்றோடொன்று மோதி சில நிறங்கள் அடங்க, சில மிஞ்சும். சோப்புக் குமிழியில் வானவில் தெரிவது இதே காரணத்தால். படலம் தடிக்கத் தடிக்க நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து ஊதாவுக்கும் பிறகு நீலத்துக்கும் போகும். ஆக, அதிகம் சூடான பக்கம் நீலம், தள்ளிப்போகப் போக ஊதா, கடைசியில் மஞ்சள். வெள்ளி நிறத்தின் மேல் ஒளி ஊடுருவும் கிளியர் பெயின்ட்டுகளை இந்த வரிசையில் மெல்லிய வளையங்களாக அடித்தால் எரிந்த முனை கிடைக்கும். வரிசை மாறினால் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

தரையில் ஓடும் வாகனம் என்றால் தூசி. 1972 டிசம்பரில் அப்போலோ 17 பயணத்தில் நிலா ஊர்தியின் சக்கரக் காப்பு உடைந்தது. சக்கரம் வாரியடித்த தூசி ஊர்தி, உடை எல்லாவற்றிலும் படிய, வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி மாற்றுக் காப்பு செய்துகொண்டார்கள். நிலா வாகன மாடலில் தூசி எங்கே அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டுமா? செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்களில் கூர்கற்கள் குத்தி ஓட்டையே விழுந்திருக்கிறது. மாடலில் தூசிக்குப் பிக்மென்ட் எனும் உலர்ந்த நிறப்பொடி. தூரிகையால் மூலைகளில் வைத்து, ஒயிட் ஸ்பிரிட் ஒரு துளி விட்டால் காய்ந்ததும் அங்கேயே தங்கும்.

சுருக்கமாக: கலம் எங்கே இருந்தது, எந்தத் திசையில் போனது, எது சூடானது, யார் கை பட்டது. இந்த நாலுக்கும் பதில் வைத்துக்கொண்டு தூரிகையை எடுங்கள்.

முடிக்கும் வரிசை

அடி நிறம், பளபளப்பு வார்னிஷ், டீக்கல், வாஷ், அது காய்ந்தபின் மேட் வார்னிஷ். ஹேர்ஸ்பிரே முறை என்றால் சில்லு வேலை அடி நிறத்தோடு சேர்ந்தே நடந்துவிடும். பஞ்சால் ஒற்றுவதானால் மேட் வார்னிஷுக்குச் சற்று முன்னால். எரிந்த உலோக முனைகளை மேட் வார்னிஷ் அடிக்கும்போது டேப் சுற்றி மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உலோக மினுக்கம் செத்து வெறும் சாம்பலாகிவிடும். பிக்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் மேல் வார்னிஷ் அடித்தால் பாதித் தூசி கண்ணெதிரே மறைந்துபோகும், அதனால் அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அதற்கப்புறம் அந்த மாடலைத் தூக்கவேண்டி வந்தால் நிறுத்தியிருக்கும் பலகையைப் பிடித்துத் தூக்குங்கள். 1/144இல் உங்கள் கட்டைவிரல் ரேகை இரண்டு மீட்டர் அகலம்.